நாற்பத்தோராவது சாவி

கடல் எங்கள் ஊரை விட்டுப் போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. இப்போது அது கிழக்கே ஐந்து மைல் தள்ளி, உப்பளங்களுக்கு அப்பால், வேறொரு ஊருக்குச் சொந்தமாகக் கிடக்கிறது. ஆனாலும் ஊருக்குப் பெயர் பழந்துறை என்றே நின்றுவிட்டது. அந்தப் பழந்துறையில், வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது, தொட்டிலில் கிடந்த பிள்ளையிலிருந்து கட்டிலில் கிடந்த கிழவர்கள் வரைக்கும், ஒருத்தர் பாக்கியில்லாமல், எல்லோருடைய இடுப்பிலும் ஒரு சாவிக்கொத்து தொங்கியது.

அரைஞாண் கட்டியவர்களுக்கு அரைஞாணிலும், சேலை கட்டியவர்களுக்குப் பாவாடை நாடாவிலும், இரண்டும் இல்லாமல் அரைக்கால் சட்டையோடு தூங்கும் காலேஜ் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையின் எலாஸ்டிக்கிலும் தொங்கியது. யாருக்கும் வலிக்கவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள், கிரைண்டர் ரூம் சாவியைத்தான் தூக்கக் கலக்கத்தில் செருகிக்கொண்டேன் என்று நினைத்து, ஒரு சாவி எப்படி இத்தனை சாவியாயிற்று என்ற கவலையோடு மாவை அள்ளிக்கொண்டிருந்தபோது, தூக்குவாளியோடு வந்த சந்தைத்தெரு ஜெபசீலி, "யக்கா, ஒங்களுக்கும் வந்துட்டா? எங்க வீட்ல அவுகளுக்கு அம்பத்தி ரெண்டு. பெரண்டு படுத்தா குத்துதுங்காவ," என்று சொல்லிவிட்டு, மாவு கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே என்று குறையும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் ஆச்சரியப்படாததற்குக் காரணம் உண்டு. அதற்கு எட்டு நாள் முன்னால் கல்யாண மண்டபத்தில் ரத்தம் எடுக்கும் முகாம் நடந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து டாக்டர் மெஹர்நிஷா என்ற அம்மா, ஐஸ் பெட்டிகளோடும் பன், வாழைப்பழத்தோடும் வந்திருந்தார். எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, ஆனால் கவலைப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. அதனால் ஊசி போடுகிற இடத்தில் முதல் ஆளாகப் போய் நின்று, ரத்தம் எதற்கு, எவ்வளவு, திரும்பி வருமா, வராவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று எல்லாம் கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா பொறுமையானவர். "உடம்பு ஒரு சாவிக்கடை மாதிரிம்மா," என்றார். "காய்ச்சல்னு ஒண்ணு வந்து பூட்டு போட்டா, உடம்பு தன்கிட்ட இருக்கிற துண்டுகள்ல இங்கேருந்து ஒண்ணு, அங்கேருந்து ஒண்ணு எடுத்து ஒட்டி, அதைத் திறக்க ஒரு சாவி செய்யும். அந்தத் துண்டுகள் அப்பாகிட்டேருந்து பாதி, அம்மாகிட்டேருந்து பாதி வரும். ஊருக்கு ஊர், வம்சத்துக்கு வம்சம் வேற வேற. இதுக்கு உலக அளவுல ஒரு அட்டவணை வச்சிருக்காங்க. அதுல ஏதோ நாலைஞ்சு நாட்டு ஆளுங்கதான் நிறைய இருக்காங்க. உங்க ஊர் இல்ல."

"எங்க ஊரு பஸ் அட்டவணையிலயே கெடையாது," என்றார் என் வீட்டுக்காரர்.

ஆகவே சாவி வந்தபோது, அந்த அம்மா சாவி என்று சொன்னார், சாவி வந்திருக்கிறது, சொன்ன சொல் காப்பாற்றுகிற டாக்டர் என்றே ஊர் எடுத்துக்கொண்டது. ரத்தம் கொடுக்காதவர்களுக்கும் ஏன் வந்தது என்பதுதான் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. பன் வாங்கித் தின்றதற்குத்தான் என்று முடிவாயிற்று.

பாத்திரக்கடையில் இருந்த வளையம் எல்லாம் அன்று மத்தியானத்துக்குள் தீர்ந்தது. பூட்டு ரிப்பேர் செய்கிறவர் தன் கொத்தை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லாப் பூட்டிலும் நுழைத்துப் பார்த்தார். வீட்டுப் பூட்டு, கடைப் பூட்டு, சைக்கிள் பூட்டு, தபால் பெட்டி, ஒன்றுகூடத் திறக்கவில்லை. டவுன் பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினால் ஆயிரத்து அறுநூறு சாவி ஏறியது. விசில் சத்தம் டிரைவருக்குக் கேட்காமல் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமலும், வேண்டாத இடத்தில் நின்றும் போயிற்று. கோவிலில் ஜால்ராவை நிறுத்தினார்கள். சர்ச்சில் முழங்கால் போடும்போதும், பள்ளிவாசலில் குனிந்து நிமிரும்போதும் ஒரே சத்தம், தெருவில் போகிறவர்களுக்கு எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் விண்ணப்பத்தில் 'சாவிகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு வீட்டை ஆண்ட மாமியார்கள், நேற்று வந்த மருமகளும் அதேபோல ஒரு கொத்தைச் செருகிக்கொண்டு அடுப்படியில் நிற்பதைப் பார்த்து, இரண்டு வாரம் பேச்சு வராமல் இருந்தார்கள்.

அந்தச் சாவிகள் எதைத் திறக்கும் என்பது ரிட்டயர்டு தாசில்தாரால்தான் தெரியவந்தது. அவர் கொத்தைப் பஸ் ஸ்டாண்டில் எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் ஊரில் எல்லோருக்கும் ஜலதோஷம் வந்தது. எல்லோருக்கும் ஒரு நாள் தும்மல், அப்புறம் கொத்தில் ஏதோ ஒரு சாவி தானாக அரைச் சுற்றுச் சுற்றி 'க்ளிக்' என்றது, மூக்கு நின்றுவிட்டது. தாசில்தார் மட்டும் நான்கு நாள் தும்மினார். எப்பேர்ப்பட்ட தும்மல் என்றால், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த திருடனால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல், கொத்தைக் கொண்டுவந்து அவர் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். அவர் எடுத்துக் கட்டினார், க்ளிக் என்றது, தும்மல் நின்றது. அவரவர் சாவி அவரவர் உடம்பில் இருக்கவேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. தெரிந்தும் நாங்கள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

பழந்துறையில் மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று நாலு தெரு எங்கள் சொந்தக்காரர்கள். பெண் கொடுத்தாலும் எடுத்தாலும் அந்த நாலு தெருவுக்குள்தான். கடல் இருந்தபோது கப்பல் வந்தது, கப்பலில் ஊர்பேர் தெரியாதவர்கள் வந்தார்கள், அவர்கள் எல்லாம் சந்தைத்தெருப் பக்கம் தங்கினார்கள், எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது எங்கள் கட்சி. சாவி வந்த மூன்றாம் நாள் என் அண்ணன் பெண்டாட்டி, மந்திரவடிவு மைனி, வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "நாப்பது. எல்லாம் குட்டைத் தண்டு, மூணு பல்லு. நம்ம சாவி எப்படி ஒரே சீரா இருக்கு பாரு. சந்தைத்தெருவுல போய்ப் பாரு, ஒண்ணு நெட்டை, ஒண்ணு கோணல், ஒண்ணுல மீன்வால் மாதிரி. காயலாங்கடை," என்றாள். அன்றிலிருந்து நாலு தெருவிலும் நாற்பதுதான். யாரைக் கேட்டாலும் நாற்பது.

இங்கேதான் என் கவலை ஆரம்பிக்கிறது. என் மகள் உலகம்மாள், உலகு என்று கூப்பிடுவோம், பிறந்த பதினாறாம் நாள் தொட்டில் போடும்போதே, என் அண்ணன் மகன் நம்பிராஜனுக்கு என்று பேசி வைத்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது ஆவுடையப்பன் அண்ணன் ஒருவன்தான். வருஷம் தவறாமல் பொங்கலுக்கு முந்தின நாள் கரும்பும் மஞ்சள்குலையும் பச்சரிசியும் வெல்லமுமாகப் பொங்கல்படியைத் தூக்கிக்கொண்டு அவன் தெருமுனையில் திரும்பும்போதுதான், இந்த உலகத்தில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றும். இந்தச் சம்பந்தம் நடக்காவிட்டால் மைனி அந்தப் படியை நிறுத்திவிடுவாள். அண்ணன் நல்லவன், ஆனால் மைனியைத் தாண்டி வாசலைக் கடக்கிறவன் இல்லை.

உலகுவிடம் சொன்னால் அவள், "யம்மா, ஒனக்கும் மாமாவுக்கும் நடுவுல பாலம் கட்டணும்னா சிமெண்டு வாங்கு. என்னைய எதுக்குக் கொண்டு போடுத?" என்பாள்.

ஜோசியர் குற்றாலிங்கம் ஆனி மாதத்திலேயே ஜாதகம் பார்ப்பதை விட்டுவிட்டார். கிரகம் எங்கேயோ இருக்கிறது, சாவி இடுப்பிலேயே இருக்கிறது, எதை நம்புவது என்றார். சிவப்புத் துணியை விரித்து, பெண் கொத்தையும் மாப்பிள்ளை கொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாவிக்குச் சாவி ஒப்பிட்டு, ஒத்துப்போனால் ஒரு பொருத்தம் என்று எண்ணினார். பத்துக்குப் பத்து பொருந்தினால் நல்ல ஜாதகம் என்று பழகினவர் அல்லவா, நாற்பதுக்கு நாற்பது பொருந்தினால் அதைவிட நாலு பங்கு நல்லது என்று அவருக்கும் தோன்றியது, கேட்ட எங்களுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. கொத்து கொஞ்சம் வித்தியாசப்பட்ட இரண்டு சம்பந்தம் அந்த மாதமே முறிந்தது.

மைனி சொல்லியனுப்பினாள்: ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் சாவி பார்த்துவிடுவோம்.

மறுநாள் காலையில் உலகுவின் கொத்தைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன் என்று சொல்லி வாங்கி எண்ணினேன். நாற்பத்திரண்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு. குட்டைத் தண்டு நாற்பதுக்கு நடுவில், தண்டு முறுக்கிக்கொண்டு சங்கு மாதிரி ஒன்று. சீப்பு மாதிரி ஏழு பல்லும் தலையில் ஓட்டையுமாக, செம்புக் கலரில் இன்னொன்று. என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி நிறுத்தி எண்ணினேன். அவரிடம் அதே சங்குச் சாவி இருந்தது.

"ஒங்க குடும்பத்துல எவனோ கப்பல்காரன் பூந்திருக்கான்," என்றேன். "எங்க அப்பா ஜாதகம் பாத்து, குலம் பாத்து, கோத்திரம் பாத்துக் குடுத்தாவ. ஒங்க வீட்ல இப்பிடி ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கியளே. எம் பிள்ளை வாழ்க்கை போச்சே." அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அரை மணி நேரம் பேசினேன். அவருடைய அப்பா, அவருடைய அத்தை, அவர்கள் வீட்டுச் சாம்பார் வரைக்கும் பேசினேன். பேசி முடித்த பிறகுதான், செம்புக் கலர் சாவி எங்கேயிருந்து வந்தது என்ற நினைப்பு வந்து, என் கொத்தை எண்ணினேன்.

நாற்பத்தொன்று இருந்தது, நடுவில் செம்பு. உளுந்து ஊறப் போடப் போய்விட்டேன்.

"இட்லி ஆறிப்போச்சு," என்றார் அவர். நல்ல மனுஷர்.

நான்கு சாவிகளையும் வளையத்திலிருந்து கழற்றி, துணியில் முடிந்து, உளுந்து டின்னுக்குள் அடியில் புதைத்தேன். வீட்டுக்குள்தானே இருக்கிறது, தாசில்தார் கொத்து மாதிரி வெளியிலா போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உலகு கேட்டதற்கு, தேய்க்கும்போது இரண்டு உடைந்துவிட்டது என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "யம்மா, ஒனக்குப் பொய் சொன்னா காது செவக்கும்," என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மெஹர்நிஷா மறுபடி வந்தார். அவரும் ஆச்சரியப்படவில்லை, மிஷினில் பார்ப்பதைவிட இது தெளிவாக இருக்கிறது என்று, ஆள் ஆளாக நிறுத்திக் கொத்தைப் போட்டோ பிடித்தார். சந்தைத்தெருவில் அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. எங்கள் நாலு தெருவையும் ஒரே காலைப்பொழுதில் முடித்துவிட்டு, மைனி வீட்டு வாசலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"எல்லாருக்கும் நாப்பது. எல்லாருக்கும் ஒரே நாப்பது. நான் இப்படிப் பார்த்ததே இல்ல," என்றார்.

"பாத்திருக்க மாட்டிய," என்றாள் மைனி.

"இது நல்லதில்லம்மா. ஒவ்வொரு சாவியும், எப்பவோ ஒரு காய்ச்சல்ல எல்லாரும் செத்தப்ப சாகாம தப்பிச்ச ஒருத்தர் விட்டுட்டுப் போனது. விதவிதமா இருந்தாத்தான், ஒரு காய்ச்சல் வந்தா நீங்க விழுந்தாலும் அடுத்த வீட்டுக்காரர் எந்திரிச்சு நிப்பார். இப்படி ஒரே மாதிரி இருந்தா, இதுல சேராத ஒண்ணு வந்துச்சுன்னா நாலு தெருவும் ஒரே நாள்ல படுத்துரும்."

மைனி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். "நாங்க எப்பவுமே எல்லாம் சேந்துதான் செய்வோம்," என்று சொல்லி, டாக்டருக்கு இன்னொரு முறுக்கு வைத்தாள்.

ஆவணி ஏழாம் தேதி குற்றாலிங்கம் சிவப்புத் துணியை விரித்தார். உலகு கொத்து இந்தப் பக்கம், நம்பிராஜன் கொத்து அந்தப் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ண எண்ண, நான் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். நாற்பது என்று முடித்துவிட்டு, "நாப்பதுக்கு நாப்பது. இந்த மாதிரிப் பொருத்தம் நாலு தெருவுல இருநூறு வீட்டுக்குத்தான் அமையும்," என்றார். நாலு தெருவில் மொத்தமே இருநூறு வீடுதான். அன்றைக்கே தாம்பூலம் மாற்றி, மைனி வீட்டிலேயே பந்தி போட்டு, நாலு தெருவும் வந்து சாப்பிட்டது. வருகிற மருமகள் நிச்சயம் முடிந்து மூன்று நாள் மாமியார் வீட்டில் கை நனைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். உலகு அங்கேயே தங்கினாள். "மூணு நாள்தான, யம்மா. நாலாம் நாள் வந்து ஒன் காதப் பாக்கேன்," என்று சொல்லித்தான் தங்கினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்குப் பின்னால் சுடும், முட்டி பிடித்துக்கொள்ளும், வாய் உப்புக் கரிக்கும். சந்தைத்தெருவில் முதலில் வந்தது. ஜெபசீலி வீட்டுக்காரருக்கு ஒரே நாள், ஐம்பத்திரண்டில் கோணலான ஒன்று சுற்றியது, க்ளிக், மறுநாள் வண்டி ஓட்டப் போய்விட்டார். அங்கே ஒருவருக்கு மீன்வால் சுற்றியது, ஒருவருக்கு நெட்டைச் சாவி சுற்றியது, சிலருக்கு எதுவும் சுற்றாமல் நான்கு நாள் படுத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி கொடுத்தார்கள். எங்கள் நாலு தெருவிலும் ஒரே நாளில், டாக்டர் சொன்ன மாதிரியே, எல்லோரும் சேர்ந்து படுத்தார்கள். கஞ்சி வைக்க ஆள் இல்லை. கன்றுக்குட்டிகள் கத்திக்கொண்டு தாமாகவே பாலைக் குடித்துக்கொண்டன. சந்தைத்தெருவிலிருந்து ஜெபசீலியும் இன்னும் நாலு பெண்களும் அண்டாவில் கஞ்சி கொண்டுவந்து, வாசல் வாசலாக ஊற்றிவிட்டுப் போனார்கள்; கொடுத்தது யார் என்று கேட்கிற தெம்பு எங்கள் ஆட்கள் யாருக்கும் இல்லை.

டாக்டருக்கு போன் போட்டதற்கு, வந்துகொண்டே இருக்கிறேன், தண்ணீர் கொடுங்கள், சாவி இல்லாவிட்டாலும் உடம்பு இருக்கிற துண்டை அராவி அராவி மெதுவாக ஒன்று செய்துகொள்ளும், ஆனால் நாளாகும், இளைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உலகு ஏற்கனவே இளைத்தவள்.

காய்ச்சல் வந்த ஆறாம் நாள் மத்தியானம். நானும் காய்ச்சலில் கிடந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கிடந்தார். அந்தக் காய்ச்சலிலும் எனக்கு ஒரு கவலை: கஞ்சி கொண்டுவருகிறவர்கள் யாராவது, பாவம் என்று உளுந்து ஊறப் போடலாம் என்று நினைத்து டின்னைத் திறந்துவிட்டால்? சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், டின்னுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, முடிச்சு இருக்கிறதா என்று தடவி, வெளியே எடுத்து அவிழ்த்து, நான்கும் இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே என் செம்புச் சாவி, ஓணான் திரும்புகிற மாதிரி, என் கையில் அரைச் சுற்றுத் திரும்பிற்று.

க்ளிக்.

தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றின மாதிரி காய்ச்சல் இறங்கியது. வாயில் உப்பு போயிற்று. நான் தரையில் உட்கார்ந்து, உளுந்து சிதறிக் கிடந்ததைப் பார்த்தேன். இதேபோல இன்னொரு செம்புச் சாவி கையில் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரி மைனி வீட்டில் ஆறு நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறாள்.

என் சாவியை இடுப்பில் செருகி, சங்குச் சாவியில் ஒன்றை வீட்டுக்காரர் அரைஞாணில் கட்டிவிட்டு, உலகுவின் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவும் எனக்கு அன்றைக்கு முடியவே இல்லை. அந்த வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் எல்லோரும் கிடப்பார்கள். ஜோசியர்கூட, நிச்சயத்துக்கு வந்து அங்கேயே தங்கினவர், விழுந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் நாற்பத்தோராவது சாவியை எடுக்கவேண்டும். எடுத்தால் சம்பந்தம் போயிற்று, அண்ணன் போனான், கரும்பு போயிற்று, மஞ்சள்குலை போயிற்று. எடுக்காவிட்டால்? அந்தக் கேள்விக்கு என் கால்தான் பதில் சொன்னது. நான் நினைத்து முடிக்கும் முன்பே அது வாசல்படி ஏறிவிட்டது.

வரிசையாகப் பாய். நடுவில் உலகு. உதடு வெடித்து, கண் பாதி மூடியிருந்தது.

"உலகு. ஏட்டி. அம்மா வந்திருக்கேன்."

"ஒன் காது செவந்திருக்கு," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

அவள் பாவாடை நாடாவில், அந்த நாற்பது அழகான சாவிக்குப் பக்கத்தில், செம்புச் சாவியையும் சங்குச் சாவியையும் கோர்த்தேன். அவசரத்தில் இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் கோர்த்ததும், செம்புச் சாவி காத்துக்கொண்டிருந்த மாதிரி திரும்பிற்று. க்ளிக். அந்தச் சத்தம் அந்தப் பட்டாசாலை முழுவதும் கேட்டது. உலகுவின் நெற்றி வேர்த்தது. கண்ணைத் திறந்து, "பசிக்கி," என்றாள்.

நான் நிமிர்ந்தபோது, அடுத்த பாயில் மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அண்ணன் பார்த்தான். மூலையிலிருந்து ஜோசியர் பார்த்தார். நம்பிராஜன் பார்த்தான். செம்புச் சாவி வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. அதை முந்தானையால் மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"செண்பகம்," என்றாள் மைனி, கம்மிப்போன குரலில்.

"சொல்லுங்க மைனி."

"அடுப்படியில மேல்தட்டுல காப்பித்தூள் டின்னு இருக்கு. அந்தா அந்த நீலக் கலரு. அதக் கொஞ்சம் எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். காப்பித்தூள் டின்னுக்கு அது ரொம்பக் கனமாக இருந்தது. திறந்தேன். காப்பித்தூளே இல்லை. பதினோரு சாவி இருந்தது. நெட்டை, கோணல், மீன்வால், நங்கூரம் மாதிரி ஒன்று, யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து வெட்டினது ஒன்று.

"ஏழு என்னோடது," என்றாள் மைனி. "மூணு நம்பிக்கு. ஒண்ணு ஒங்க அண்ணனுக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வெளிய சொல்லாத," என்றாள்.

அவளுக்குக் கட்டினேன், மீன்வால் திரும்பிற்று. நம்பிக்குக் கட்டினேன். அப்போது ஜோசியர் மூலையிலிருந்து, "யம்மா, அப்பிடியே எம் பையில, பஞ்சாங்கத்துக்குக் கீழ," என்றார்.

அந்த க்ளிக் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் அவள் புருஷனிடம், சாமிப் படத்துக்குப் பின்னால் பாருங்கள் என்றது. அதற்கு அடுத்த வீட்டில் பாடாத ரேடியோவுக்குள்ளிருந்து எடுத்தார்கள். எதிர்வீட்டில் உப்பு ஜாடிக்குள்ளிருந்து; அதற்கு அடுத்ததில் திரைச்சீலை மடிப்பைப் பிரித்து; வடக்குத்தெருவில் ஒரு வீட்டில் தவழ்ந்துகொண்டே கொல்லைக்குப் போய், வாழைமரத்தடியில் தோண்டி எடுத்தார்கள். பெண்டாட்டி ஒளித்தது புருஷனுக்குத் தெரியாமலும், புருஷன் ஒளித்தது பெண்டாட்டிக்குத் தெரியாமலும், ஒரே டின்னுக்குள் இரண்டு முடிச்சாகக் கிடந்த வீடுகளும் இருந்தன. மேலத்தெருவில் ஆரம்பித்த க்ளிக் க்ளிக் தகர ஓட்டில் விழுகிற மழை மாதிரி கீழத்தெரு வரைக்கும் போய், திரும்பித் தெற்குத்தெரு வழியாக வந்து, சாயந்திரம் விளக்கேற்றுவதற்குள் நாலு தெருவும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. சரியான சாவி அமையாதவர்கள் சிலர் இன்னும் இரண்டு நாள் படுத்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி வைக்க இந்தத் தடவை பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது.

மறுநாள் டாக்டர் வந்தார். நாற்பது நாற்பது என்று நாலு தெருவுக்கும் எழுதின பட்டியல் அவர் கையில் இருந்தது. மறுபடி எண்ணினார். இருநூறு வீட்டில் இரண்டு வீடு ஒன்றுபோல இல்லை.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க," என்றார். "நான் இதை மீட்டிங்ல எல்லாம் சொல்லிட்டேனே."

"நீங்க இடுப்புல இருக்கிறத்தான கேட்டிய," என்றாள் மைனி. "டின்னுல இருக்கிறதக் கேக்கலியே."

அண்ணனுக்கு நான்தான் கட்டிவிட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். முந்தின நாள் மத்தியானம், காப்பித்தூள் டின்னில் கடைசியாக மிஞ்சின ஒற்றைச் சாவியை எடுத்தபோது, என் கை நின்றுவிட்டது. சீப்பு மாதிரி ஏழு பல்லு. தலையில் ஓட்டை. செம்புக் கலர். என் இடுப்பிலிருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். ஒரே கை ஒரே நாளில் வெட்டின மாதிரி இருந்தது. கடல் எங்கள் வாசலில் இருந்த காலத்தில், எந்தக் கப்பலில் வந்தவரோ, கப்பலைப் பார்க்கப் போனவரோ, ஏதோ ஒரு காய்ச்சலில் ஊர் எல்லாம் சாக, சாகாமல் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று கேட்ட யாரோ ஒருவர், எங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ விட்டுப்போனது. அண்ணன் வீட்டில் காப்பி டின்னிலும் என் வீட்டில் உளுந்து டின்னிலும் கிடந்திருக்கிறது.

அண்ணன் இரண்டையும் பார்த்தான். அவனுடையதை அவன் அரைஞாணில் கட்டினேன்.

"ஒனக்கும் இருந்துச்சா?" என்றான்.

"ஆமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"நீ சொன்னியா?"

அவன் சிரித்தான். ஆறு நாள் காய்ச்சலில் கிடந்தவனுக்குச் சிரித்ததில் இருமல் வந்தது. அந்த இருமலோடு அவன் சாவி திரும்பிற்று.

புரட்டாசி பிறந்ததும் குற்றாலிங்கம் கணக்கை மாற்றினார். ஒத்துப்போகிற சாவி எத்தனை என்று எண்ணினது தப்பு, ஒத்துப்போகாதது எத்தனை என்றுதான் எண்ணவேண்டும், நான் துணியைத் தலைகீழாக விரித்துவிட்டேன் என்றார். அந்தக் கணக்கில் உலகுவுக்கும் நம்பிராஜனுக்கும் ஐந்து வித்தியாசம். மோசமில்லை, தாராளமாகச் செய்யலாம் என்றார். மைனியும் சரி என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உலகு முகத்தைப் பார்த்தேன்.

"நான் டாக்டரம்மாகூட சாவி எண்ணப் போறேன்," என்றாள் அவள். "ஒவ்வொரு ஊரா. ஆளு வேணும்னு கேட்டாவ. அத்தான், ஒனக்கு வருத்தமா?"

நம்பிராஜன் யோசித்தான். "நீ எங்க வீட்ல இருந்த அந்த மூணு நாளும் எல்லாத்தையும் கொற சொன்ன," என்றான். "வருத்தமில்ல."

"அவ இஷ்டம்," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. மைனி எழுந்து உள்ளே போனாள். அவள் கதவைச் சாத்தின சத்தம் ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க என் காதில் இருந்தது. கரும்பு வராது என்று என் வீட்டுக்காரரிடம் தினமும் சொன்னேன். "வராட்டா வாங்கிக்கிடலாம்," என்பார் அவர். வாங்குகிற கரும்பும் அதுவும் ஒன்றா.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் யார் யாரோ போனார்கள்; ஒவ்வொரு கொத்துக்கும் ஒவ்வொரு சத்தம், இப்போதெல்லாம் எங்களுக்குக் காதிலேயே ஆளைத் தெரியும். அப்போது தெருமுனையிலிருந்து நாற்பது குட்டைச் சாவியும், நடுவில் ஓட்டைத் தலைச் செம்பு ஒன்று தாளம் தப்பித் தட்டிக்கொண்டு வருவதும் கேட்டது. என் இடுப்பில் இருந்தது அதற்குப் பதில் சொன்ன மாதிரி ஒரு தரம் ஆடியது. நான் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினேன்.

மைனி கட்டிக் கொடுத்த பையில் அரிசி, வெல்லம், மஞ்சள்குலை எல்லாம் இருந்தன. கரும்புதான் போன வருஷத்தைவிட ஒன்று குறைவாக இருந்தது. அது ஏன் என்ற கவலையைப் பொங்கல் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, அண்ணனை உள்ளே வரச் சொல்லி, அடுப்பில் இட்லியை ஏற்றினேன்.